காயலான் கடைக்குப் போகும் சரித்திரம்



பழைய இரும்பு கிலோ என்ன விலை என்று கேட்டால் நம்ம ஊர் காயலான் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அந்த இரும்பின்மேல் ஒரு பெயர் பொறித்திருக்கிறதே, அந்தப் பெயருக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். "இன்னா தம்பி, வெயில்ல ரொம்ப சுத்துனியா?" என்று சிரிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தராசு தெரியும். பெயரைப் படிக்க வேண்டியவர்கள் நாம்தானே!

பழைய ஸ்பேனர்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். "ஸ்பேனரைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கவிதைக்கும் காதலுக்கும் இந்த மலரில் வேறு பக்கங்கள் உண்டு. இந்த இரண்டு பக்கத்தை மட்டும் நம் கைக்கும், நம் கைக்கு முன்னால் உழைத்த கைகளுக்கும் ஒதுக்குங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி மெக்கானிக். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்கிறார். பதினோரு வயதில் ஒரு மேஸ்திரியிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர், பள்ளிக்கூடம் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கொட்டகையில் தேய்ந்து ஓரமாகக் கிடந்தவை, புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கியவை, தெரிந்த லேத் பட்டறைகளில் கேட்டு வாங்கியவை என்று இன்று என்னிடம் அறுபத்தொரு ஸ்பேனர்கள் இருக்கின்றன. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் பழைய காசு சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பது இது. கட்டிலுக்கு அடியில் சாக்குப் பையில் கிடக்கிறது. அம்மா தினமும் திட்டுகிறார்.

சேர்ப்பதோடு விட்டால் அது வெறும் பாரம். ஒவ்வொன்றிலும் பொறித்திருப்பதைப் படித்து, யார் செய்தது, எங்கே செய்தது, எந்த வண்டிக்குச் செய்தது என்று தேடினால்தான் அது படிப்பு. அப்படித் தேடியதில் எனக்குக் கிடைத்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவுகள். அப்பாவுக்கு முப்பது வருடமாக ஒரு சந்தேகம். "அரை இஞ்சுன்னு போட்டிருக்கான். வாயை அளந்தா கிட்டத்தட்ட ஒரு இஞ்சு வருது. வெள்ளைக்காரன் பொய்யா போட்டிருப்பான்?" அந்த ஸ்பேனரை எடுத்து வெர்னியரில் அளந்தேன். 23.4 மில்லிமீட்டர். அப்பா சொன்னது சரிதான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதில் போட்டிருக்கும் அரை இஞ்சு ஸ்பேனர் வாயின் அளவே அல்ல! அந்த நட்டுக்குள் போகும் போல்ட்டின் விட்டம் அது. விட்வொர்த் ஸ்பேனர்களில் அதுதான் முறை. எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் அது விட்வொர்த் ஸ்பேனர்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் கேட்டது சரியான கேள்விதான்" என்றார். அவ்வளவுதான். நண்பர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ அச்சாகிவிட்டது. கேள்வி கேட்டவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. நடுவில் கிடக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தானே நம்மை டிப்ளமோ படிக்க அனுப்பியிருக்கிறார்கள்?

அந்த விட்வொர்த் யார்? ஜோசப் விட்வொர்த், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த இன்ஜினீயர். அவர் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் அளந்தார். சராசரி பார்த்தார். 55 டிகிரி கோணம் என்று முடிவு செய்து, 1841-ல் லண்டன் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தின் முன் தன் கட்டுரையை வைத்தார். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்த 55 டிகிரி, ஒரு மனிதர் பழைய போல்ட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததால் வந்தது! "பழசைப் பொறுக்கி என்ன ஆகப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி எந்தப் பழைய கொட்டகைக்குப் போனாலும் டூல் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்று வகை ஸ்பேனர்கள் ஒன்றாகக் கிடக்கும். டபிள்யூ அல்லது பி.எஸ். போட்டவை பிரிட்டிஷ் அளவு. இரண்டாம் உலகப் போரின்போது எஃகை மிச்சம் பிடிக்க போல்ட் தலையைச் சிறிதாக்கினார்கள். ஆகவேதான் ஒரே வாயில் "1/2 டபிள்யூ, 9/16 பி.எஸ்." என்று இரண்டு அளவுகள் இருக்கும். ஏ.எஃப். என்று போட்டவை, நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை இஞ்சில் சொல்பவை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகு இது பரவியது. மூன்றாவது நமக்குப் பழக்கமான மில்லிமீட்டர். நம் நாட்டில் 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறினோம்.

சட்டம் மாறினால் வண்டி உடனே மாறிவிடுமா? 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த அந்த லாரி பிரிட்டிஷ் கூட்டு, இஞ்சு அளவு. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா தொடங்கிய லாரி ஜெர்மன் பென்ஸ் கூட்டு, மில்லிமீட்டர் அளவு. இரண்டும் ஒரே கொட்டகைக்குத்தான் பழுது பார்க்க வந்தன. பள்ளிக்கூடம் போகாத மெக்கானிக்குகள் இரண்டு செட் ஸ்பேனர் வாங்கி, இரண்டு கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். நமக்கு இஞ்சை மில்லிமீட்டராக மாற்ற கால்குலேட்டர் வேண்டும். அவர்களுக்கு நட்டைத் தடவிப் பார்த்தால் போதும். இந்தியத் தொழில் வரலாறு இரண்டு டூல் பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

இரண்டாவது, பெயர்கள். நம்ம ஊர் ஜங்ஷன் வழியே முன்னாளில் ஓடியது தென்னிந்திய ரயில்வே. அதன் பெரிய பட்டறை திருச்சி பொன்மலையில் இருக்கிறது. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி, தென்னிந்திய ரயில்வேயும், மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் சேர்ந்து இன்றைய தெற்கு ரயில்வே ஆயின. ஆகவே ஒரு ஸ்பேனரில் எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று எழுத்து இருந்தால், அது அந்தத் தேதிக்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம். "வெஸ்ட் ஜெர்மனி" என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. பிரிட்டிஷ் பேடன்ட் எண் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் அது 1916-க்கு முந்தியதாக இருக்காது. அந்த வருடம்தான் அவர்கள் 1,00,001-லிருந்து தொடர் எண் போட ஆரம்பித்தார்கள். அகலமான அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து, பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தது. தொல்பொருள் துறைக்காரர் கல்வெட்டு படிப்பது மாதிரி நாமும் இரும்புவெட்டு படிக்கலாம்!

கெடோர் என்ற பெயரைப் பல கொட்டகைகளில் பார்க்கலாம். ஏதோ ஒரு ஆளின் பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் ரெம்ஷைடு ஊரில் 1919-ல் டோவிடாட் சகோதரர்கள் ஆரம்பித்த பட்டறை அது. ஜெர்மன் மொழியில் சகோதரர்கள் என்ற சொல், குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் கெடோர். கிங் டிக் என்று இருந்தால் அது பர்மிங்ஹாம் சரக்கு. பரிசு வாங்கிய ஒரு புல்டாக் நாயின் பெயர் அது! நாம் ஒர்க்‌ஷாப்பில் பிடிக்கும் டபாரியா, நாசிக்கில் இருக்கும் நம் நாட்டு நிறுவனம். 1969-ல் ஒரு ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபோர்டு என்று எழுதிய ஸ்பேனர் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். 1926-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு கம்பெனி மதராசிலும் கார்களைப் பூட்டி விற்றது, 1950-களில் கடையைக் கட்டியது. அதே பெயர் நம் மறைமலைநகருக்கு வந்து 1999 முதல் கார் செய்தது, 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலை வரும், போகும். அங்கே வேலை செய்த நம் அண்ணன்மார்களின் கதை எங்கே எழுதியிருக்கிறது?

ஸ்வீடன் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. யோஹான் பெட்டர் யோஹான்சன். 1853-ல் ஒரு ஏழைக் குடியானவருக்கு ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனவர். நட்டுகள் ஒன்று போல இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பேனர் சுமக்க வேண்டியிருக்கிறது என்ற எரிச்சலில் யோசிக்க ஆரம்பித்தார். 1888-ல் பைப் ரிஞ்ச். 1890-களின் ஆரம்பத்தில், நாம் இன்று ஸ்க்ரூ ஸ்பேனர் என்று சொல்லும் வடிவம். நூற்றுக்கும் மேற்பட்ட பேடன்ட்டுகள். முதல் தலைமுறைக்காரன் என்று கூச்சப்படும் தம்பி, தங்கைகளே! உங்கள் கையில் இருக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரைச் செய்தவரும் நம்ம ஆள்தான்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். என்னிடம் நண்பர்கள் கேட்ட கேள்விகள் மூன்று.

ஒன்று: "வெள்ளைக்காரன் செஞ்சத நாம ஏன் தூக்கி வெச்சுக்கணும்?" செய்தவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம். எண்பது வருடம் அதைப் பிடித்துத் தேய்த்தது யார் கை? வழவழவென்று ஆகியிருக்கும் அந்தப் பிடியைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தேய்மானம் நம்முடையது.

இரண்டு: "சி.என்.சி., ரோபோ காலத்துல இது எதுக்கு?" ரோபோவையும் நட்டு போல்ட்டு போட்டுத்தான் தரையில் நிறுத்துகிறார்கள். அது போகட்டும். நம்மில் பலர் டிப்ளமோ வாங்குவதே கையில் கிரீஸ் படாத வேலைக்குப் போகத்தான். அது தவறு என்று நான் சொல்லவில்லை. அப்பன் பட்ட கஷ்டம் பிள்ளை படக் கூடாது என்றுதான் எந்தத் தகப்பனும் நினைப்பார். ஆனால் கிரீஸைக் கழுவுவது வேறு, கிரீஸ் பட்ட கையைப் பார்த்து வெட்கப்படுவது வேறு. இன்டர்வியூவில் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தத் தாழ்ந்த குரலுக்கு மருந்து, அந்த வேலையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வதுதான்.

மூன்றாவது கேள்வி என் அப்பாவே கேட்டது. அதுதான் கஷ்டமான கேள்வி. "ஸ்பேனர்னா வேலை செய்யணும்டா. ஆணியில தொங்கக் கூடாது. இரும்பு உருகித் திரும்ப இரும்பா வர்றது நல்லதுதான?" உண்மைதான். உலகத்திலுள்ள எல்லாப் பழைய ஸ்பேனரையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. நான் கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு முத்திரைக்கும் ஒன்று போதும். நல்ல வாயுள்ளவை வேலைக்கே போகட்டும். வாய் விரிந்தவை உருகட்டும். ஆனால் உருகுவதற்கு முன்னால் ஒருவர் படித்து எழுதிவைத்திருக்க வேண்டும். ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அமெரிக்காவில் பழைய ஸ்பேனர் சேர்ப்பவர்களுக்கென்றே மிசௌரி வேலி ரெஞ்ச் கிளப் போன்ற சங்கங்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா இருக்கிறது. நெசவாளர் வீடும் குயவர் வீடும் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் தறியும் சக்கரமும் மட்டும்தான் நம் பரம்பரைத் தொழிலா? லேத்தும் லாரியும் நம் ஊருக்கு வந்து எத்தனை தலைமுறை ஆகிவிட்டது! மெக்கானிக் கொட்டகையை யார் காப்பாற்றுவது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என் அறுபத்தொன்றில் ஒன்பது ஸ்பேனர்களில் எந்தப் பெயரும் இல்லை. அவை நம் பக்கத்து ஆசாரிமார் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்தவை. கடையில் கிடைக்காத அளவு, கை நுழையாத மூலை, அந்த ஒரு நட்டுக்காகவே செய்தது. இன்ஜினீயரிங் டிசைன் என்றால் அதுதான். பர்மிங்ஹாம்காரனும் ரெம்ஷைடுகாரனும் பெயர் போட்டார்கள். நாய்க்குக்கூட ஸ்பேனரில் பெயர் இருக்கிறது! நம் ஆசாரிக்கு இல்லை.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ்ஸில் போனால் பூஞ்சேரி வரும். அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்தில் இந்தக் கற்களில் வேலை செய்தவர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதும் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று போகும் அந்த வரிசையில் ஒரு பெயர், கொல்லன் சேமகன். கொல்லன்! கல்லைச் செதுக்க உளி வேண்டும். உளி மழுங்கினால் காய்ச்சி அடிக்கக் கொல்லன் வேண்டும். சிற்பிகளோடு சேர்த்து அந்தக் கொல்லனின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் ராஜாவின் பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் போனால் கேட்க வேண்டிய பெயர் சேமகன். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

ஆகவே, மாணவர் பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

முதலாவது, நம் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு மாணவரும் தன் ஊர்க் கொட்டகையிலிருந்து ஒரே ஒரு பழைய ஸ்பேனர், கேட்டு வாங்கி வரட்டும். டீசலில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். கிரைண்டரில் பிடித்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். துருவோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும்.

இரண்டாவது, ஒரு பதிவேடு. அதில் பொறித்த எழுத்தும் எண்ணும், மில்லிமீட்டரில் வாய் அளவு, நீளம், எடை, எந்த வண்டிக்குப் பயன்பட்டது எல்லாம் இருக்கட்டும். கடைசிக் கட்டத்தில், அதைப் பயன்படுத்தியவரின் பெயர், அவர் யாரிடம் தொழில் கற்றார், ஆசாரி அடித்ததென்றால் அந்த ஆசாரியின் பெயர். இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் ஸ்டாக் லிஸ்ட்தான்.

மூன்றாவது, ஸ்டோர் ரூமில் கண்டம் செய்த பழைய சாமான்கள் ஏலத்துக்குப் போகும் முன், இரண்டே நாள் மாணவர்கள் பார்க்க அனுமதி கேட்டுப் பேரவை முதல்வரிடம் மனு கொடுக்க வேண்டும். அந்தக் குவியலில் என்ன இருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. ஏலம் எடுப்பவர் படிக்கவும் மாட்டார்.

தோழர்களே, நம் தாத்தாக்களுக்கு எழுதத் தெரியவில்லை. நம் அப்பாக்களுக்கு எழுத நேரமில்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் தெருமுனைக் கொட்டகையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். "அண்ணே, இது யாரு செஞ்சது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் என் அப்பா பெயரை எழுதப் போகிறேன். இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு